நினைத்தால் எழும் கம்ப்யூட்டர்

வில்லியனூர் தேரடிக்குப் பக்கத்தில், உரக்கடை மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் அப்போது மாஸ்டராக இருந்தேன். 1988ஆம் வருஷம், சித்திரை பிறந்து சில நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, டெம்போவில் மூன்று அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. திங்கட்கிழமைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று ஹையர் மாணவர்களுக்கு வேகத் தேர்வு வைத்திருந்தேன். பெட்டிகளைப் பார்க்க எல்லோரும் மாடிப்படிக்கு ஓடிவிட்டதால் தேர்வு நடக்கவில்லை.

இன்ஸ்டிடியூட் முதலாளி பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்று சொல்வது வழக்கம். அவரையும் ஊரே சொல்தா என்றுதான் அழைத்தது. மரியாதை வேண்டுமென்றால் ஒரு ஐயாவைச் சேர்த்துக்கொள்வார்கள். எங்கே சண்டை போட்டீர்கள் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு கண்டத்தைச் சொல்வார். டைப்ரைட்டிங்கின் காலம் இன்னும் கொஞ்ச நாள்தான், அடுத்தது கம்ப்யூட்டர் என்று அவருக்கு யாரோ பாண்டிச்சேரியில் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி வாங்கிவிட்டார்.

இன்றைய கம்ப்யூட்டரை மனத்தில் வைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்யக் கூடாது. திரையில் பச்சை எழுத்துகள் மட்டும். பெட்டியின் முன்பக்கம் இரண்டு வாய்கள். அப்பளம் போல வளையும் சதுரமான கருப்பு உறைக்குள் ஒரு தட்டு இருக்கும். அதற்குப் பிளாப்பி என்று பெயர். இடது வாயில் பிளாப்பியைச் செருகி, சின்னக் கதவை மூடி, பிறகு சுவிட்சைப் போட வேண்டும். அந்த இயந்திரத்துக்குத் தன் சொந்த நினைவு என்று எதுவும் தங்காது. தான் என்ன செய்ய வேண்டும் என்பதையே ஒவ்வொரு நாளும் அந்தத் தட்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். படித்து முடித்ததும் முதல் வேலையாக, இன்று என்ன தேதி என்று கேட்கும். எனக்கு அதன்மேல் பிரியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கூடவே வந்த ஆங்கிலக் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை மூன்று முறை படித்தேன். தூசி ஆகாது, வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, புகை ஆகாது என்று அதில் போட்டிருந்தது. சன்னலுக்குத் திரை தைத்து மாட்டினோம். செருப்பை வெளியே விடச் சொன்னோம். 'இந்த அறையில் புகை பிடிக்காதீர்' என்று நானே வெள்ளைப் பெயிண்டில் எழுதி, கம்ப்யூட்டருக்கு நேர் மேலே சுவரில் பலகை மாட்டினேன். சிகரெட் இல்லாமல் பேச வராத சொல்தா மாடிப்படிக்குத் துரத்தப்பட்டார்.

"சண்டையில கூட என்ன யாரும் பின்வாங்கச் சொன்னதில்ல மாஸ்டரு," என்று படியில் உட்கார்ந்துகொண்டு புகையை உரக்கடைப் பக்கம் விட்டார்.

ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வைகாசி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை முதல் முறையாக அது எழவில்லை. சுவிட்சைப் போட்டோம். திரையின் மூலையில் எண்கள் ஓடின. இடது வாயின் சிவப்பு விளக்கு எரிந்தது, உள்ளே கர், கர் என்று இரண்டு சத்தம். பிறகு, இந்தத் தட்டு சரியில்லை, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அணைத்துப் போட்டோம். மறுபடியும் அதே வரி. நான்காவதோ ஐந்தாவதோ முறை எதுவுமே நடக்காதது போல எழுந்து தேதி கேட்டது. பிறகு அதுவே அதன் வழக்கமாகிவிட்டது. சில நாள் முதல் முறையிலேயே எழும். சில நாள் மத்தியானம் வரை காக்க வைக்கும். சில நாள் எழவே எழாது.

இந்தச் சமயத்தில்தான் சுல்தான்பேட்டையிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் வந்து சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்பே எங்களிடம் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள். இப்போது நாலு வயதில் ஒரு மகள். கணவன் சவுதியில் ஏதோ ஒரு கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்தான். திருபுவனையில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்துக்கு டைப்பிஸ்ட் எடுக்கிறார்கள், மனுப் போட்டிருக்கிறேன் என்றாள். ஆவணி முதல் திங்கட்கிழமை தேர்வு. தேர்வு டைப்ரைட்டரில் இல்லை. கம்ப்யூட்டரைத் தானே இயக்கி, ஒரு கடிதம் அடித்துக் காட்ட வேண்டும்.

"எனக்கு இந்த வேல கெடச்சிட்டா அவரு காண்ட்ராக்ட்ல அடுத்த தபா கையெழுத்துப் போட்டுட்டு அங்கயே இருக்க வேணாம் சார். இங்க ஒரு சம்பளம் வந்தா போதும், மீதிய ரெண்டு பேரும் பாத்துக்குவோம்," என்றாள். "எம் பொண்ணு, அத்தா எங்கன்னு கேட்டா போட்டோவைக் காட்டுது."

காலை வேலையெல்லாம் முடித்துவிட்டு மகளை மாமியாரிடம் விட்டு வருவாள். கிடைப்பது மத்தியானம் வரையிலான நேரம்தான். அதில் பாதி, இயந்திரம் எழுவதற்காகக் காத்திருப்பதிலேயே போனது.

"இன்னா சார், இன்னிக்கும் எந்திரிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே படி ஏறுவாள். என் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

காரணம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. லோயர் படிக்கும் பையன்கள், ராகு காலத்தில் சுவிட்ச் போட்டால் எப்படி எழும் என்றார்கள்.

"நான் போட்டா கூடவா ராகு பாக்கும்? எங்க தெருவுக்கு அது வந்து நான் பாத்ததே இல்லியே," என்றாள் அவள்.

சொல்தாவின் கட்சி கண்ணேறு. "எத்தினி பேரு வந்து பாத்துட்டுப் போனானுங்க! உறுவையாத்துலேர்ந்து சைக்கிள் மிதிச்சிகினு வந்து பாத்தானுங்கப்பா. கண்ணு பட்டா கல்லே வெடிக்கும். இது பிளாஸ்டிக்கு."

அதற்குப் பரிகாரமும் அவரே கண்டார். வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் தேரடித் தெருவில் சாம்பிராணி பாய் வருவார். கையில் தூபக்கால், தோளில் ஒரு ஜோல்னா, இன்னொரு கையில் மயிலிறகு விசிறி. துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, யார் கடையானாலும் சரி, கல்லாவுக்கும் தராசுக்கும் புகை காட்டி ஒரு துவா ஓதிவிட்டுப் போவார். எங்கள் மாடியில் ஒவ்வொரு டைப்ரைட்டருக்கும் ஒரு வீச்சு உண்டு. கம்ப்யூட்டர் வந்த வாரத்திலிருந்து அதற்கும் ஒன்று. இப்போது சொல்தா அதைப் போதாது என்றார்.

"அந்த வாய்க்குள்ள நல்லா போகட்டும் பாய். உள்ளாற தான் எதுவோ ஒக்காந்துகினு இருக்குது."

பாய் இன்னொரு சிட்டிகை சாம்பிராணியைத் தணலில் போட்டு, குனிந்து, இரண்டு வாய்களுக்கும் பொறுமையாக விசிறினார். அறையே வெண்மேகமாகிவிடும். மணமாகத்தான் இருக்கும். நானும் கண்ணை மூடி நின்றிருக்கிறேன்.

என் கட்சி கரண்ட். வைகாசி, ஆனியில் எங்கள் பக்கம் கரும்புக்கும் நெல்லுக்கும் மோட்டார்கள் ஓயாமல் ஓடும். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் குண்டு பல்பு தணல் சிவப்பாக மங்கும். அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் எழுவதில்லை என்று நான் உறுதியாக நம்பினேன். எழுந்த நாள், எழாத நாள், அன்று பல்பின் நிறம் எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். கொஞ்சம் பொருந்தியது. நிறையப் பொருந்தவில்லை. பொருந்தாதவற்றுக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். படித்தவனுக்கு அது சுலபம்.

ஆனிக் கடைசியில், விற்ற கடையிலிருந்து ஒரு இளைஞர் வந்து பார்த்தார். பெட்டியைப் பாண்டிச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போய், நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சர்வீஸ் பண்ணியாச்சு சார். எங்ககிட்ட ஒரு தடவ கூட மக்கர் பண்ணல. உங்க ஊரு கரண்ட்டுதான் மோசம்."

நான் சொல்தாவைப் பெருமையாகப் பார்த்தேன். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினோம். அந்த வாரம் தட்டியவுடன் எழுந்தது. அவள் கடிதத்தை ஓரம் ஒதுக்கவும், பத்தி பிரிக்கவும், தட்டில் சேமிக்கவும் கற்றுக்கொண்டது அந்த வாரத்தில்தான். விரல்கள் ஏற்கெனவே தெரிந்தவை. புதிதாக வேண்டியிருந்தது பயம் தெளிவது மட்டுமே. ஆனால் அடுத்த வாரம் பழைய கதை. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே, தட்டு சரியில்லை என்றது. புதுத் தட்டு போட்டாலும் அதையேதான் சொன்னது. என் கட்சி அன்றோடு கலைந்தது.

தேர்வுக்கு முந்தின வியாழக்கிழமை காலையிலிருந்து அது எழவே இல்லை. செவ்வாயும் புதனும் அப்படித்தான். அவளுக்கு இன்னும் ஒரு முழுக் கடிதத்தை யார் துணையும் இல்லாமல், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அடித்துப் பழக வாய்ப்பே கிடைக்கவில்லை. அன்று மத்தியானம் தாண்டியும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்தா படியிலிருந்து எழுந்து வந்து கதவருகே நின்றார்.

பிளாப்பியின் உறையில் ஒரு நீளச் சந்து இருக்கும். அதன் வழியே உள்ளே இருக்கும் தட்டு கொஞ்சம் தெரியும். விரல் படக் கூடாது என்று நான் முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தேன். அவள் சன்னல் திரையை விலக்கி, விரல் படாமல் அதை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சார், இதோட கலரப் பாருங்க. கேசட்டு டேப்பு கலருதான?"

"ஆமாம்மா. ரெண்டுலயும் ஒரே மாதிரி பூச்சுதான். அதுல பாட்டு பதியுது, இதுல எழுத்து பதியுது," என்றேன். இதை எங்கோ படித்திருந்தேன்.

"அப்ப இதப் படிக்கறதுக்கும் உள்ள ஹெட்டு இருக்கும்ல?"

"இருக்கும்."

"அத எப்ப சார் தொடச்சீங்க?"

ஒரு முறைகூடத் துடைத்ததில்லை. அவள் வீட்டில் கணவன் அனுப்பிய டேப் ரிக்கார்டர் ஒன்று இருந்தது. மாதத்துக்கு ஒரு கேசட்டில் அவன் பேசி அனுப்புவான், இவளும் மகளும் பேசி அனுப்புவார்கள். கொஞ்ச நாளானால் அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடுமாம். ஊசி போடும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஹெட்டைத் துடைத்தால் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்குமாம். இதை அவள் சொல்லச் சொல்ல, நானும் வீட்டில் ரிக்கார்டரை அப்படித்தான் துடைக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. ஊரில் ரிக்கார்டர் வைத்திருந்த எல்லோரும் துடைத்தார்கள். கம்ப்யூட்டரை மட்டும் வேறு உலகத்துப் பொருள் என்று தள்ளி வைத்துவிட்டோம்.

பெட்டியின் திருகுமேல் கடைக்காரர்கள் காகித முத்திரை ஒட்டியிருந்தார்கள். கிழித்தால் உத்தரவாதம் போய்விடும். நான் தயங்கினேன்.

"மாஸ்டரு, திங்கக்கெழம இந்தப் பொண்ணுக்கு டெஸ்ட்டு. இதக் கும்புட்டுகினே ஒக்காந்திருக்கறதா?" என்று சொல்தா பேனாக்கத்தியை எடுத்தார். "பிளக்கப் புடுங்கு."

ஸ்பிரிட்டுக்கு ஆள் அனுப்பினோம். டாக்டர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார், டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. சொல்தா தன் மேசை இழுப்பறையிலிருந்து ஓடிகொலோன் சென்ட் பாட்டிலைக் கொண்டுவந்தார். பிரான்சிலிருந்து யாராவது வரும்போது கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது, பண்டிகைக்குத்தான் திறப்பார்.

"இதுவும் ஸ்பிரிட்டுதாம்மா. கொஞ்சம் பணக்கார ஸ்பிரிட்டு."

மூடியைக் கழற்றினோம். அவள் புது விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, நுனியில் பஞ்சு சுற்றி, ஓடிகொலோனில் தொட்டு, இடது வாயின் பின்பக்கமாக உள்ளே விட்டாள். நான் டார்ச் அடித்தேன். மிளகளவில் பளபளக்க வேண்டிய ஒரு பொட்டு, கறை படிந்து மங்கிக் கிடந்தது. அவள் அழுத்தாமல், குழந்தையின் கண் ஓரத்தைத் துடைப்பது போலத் துடைத்தாள். வெளியே எடுத்த பஞ்சு வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. விரலில் ஒட்டியது.

சொல்தா அதை வாங்கி முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார்.

"இது இன்னாது, கோயிலு வாசன வருது?"

அவளும் முகர்ந்தாள். "தர்கா வாசன, ஐயா."

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம். தலைக்கு மேலே என் கையால் எழுதிய பலகை தொங்கிக்கொண்டிருந்தது. புகை ஆகாது என்று படித்து, சொல்தாவின் சிகரெட்டைத் துரத்திய நாங்கள், வாரா வாரம் ஆள் வைத்து அந்த வாய்க்குள் விசிறியிருக்கிறோம். சாம்பிராணியைப் புகை என்று எங்களில் யாருமே நினைத்ததில்லை. அது எழவில்லை என்றபோது இன்னும் அதிகமாகப் போட்டோம். அதிகமாகப் போடப் போட இன்னும் எழாமல் போனது. பாண்டிச்சேரியில் போய்த் துடைத்து வந்த வாரம் மட்டும் நன்றாக இருந்தது. நாங்கள் ஸ்டெபிலைசருக்குப் பொட்டு வைத்தோம்.

"கண்ணு பட்டது வேற யாரோடதும் இல்ல, என்னோடதுதான்," என்றார் சொல்தா.

பஞ்சு மாற்றி மாற்றி அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். மேலே ஒரு ஹெட், கீழே ஒரு ஹெட். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கடைசிப் பஞ்சு வெள்ளையாகவே வெளியே வந்தபோது, கீழே உரக்கடையில் பாயின் குரல் கேட்டது. நான் எழுந்திருப்பதற்குள் அவர் படியேறி வந்துவிட்டார். தூபக்காலிலிருந்து புகை அவருக்கு முன்னால் வந்தது. பெட்டி திறந்து கிடந்தது.

"பாய், நில்லு! நில்லு! உள்ள வராத!" என்று சொல்தா கத்திய கத்தலில் பாய் ஒரு படி பின்னால் இறங்கிவிட்டார்.

"இன்னா சொல்தா இது, திருடன வெரட்டற மாதிரி? நான் இன்னா கொள்ளிக்கட்டையா எடுத்தாந்தேன்?" அவர் முகம் கறுத்துவிட்டது. பல வருஷமாக அந்த வாசலில் யாரும் அவரை நிறுத்தியதில்லை.

அவள்தான் எழுந்து படிக்குப் போனாள்.

"சாச்சா, கோச்சுக்காதீங்க. உங்க சாம்பிராணி சுத்தமான சரக்கு, நல்லா ஒட்டிக்கிச்சு. மிஷினுக்கு உள்ள அழுக்கா ஏறிடுச்சு. அதான் அது எந்திரிக்கல." பஞ்சை அவரிடம் காட்டினாள்.

பாய் முகர்ந்து பார்த்தார். "அப்ப இத்தினி நாளா நான்தான் அதப் படுக்க வெச்சேனா?"

"நீங்க இல்ல சாச்சா. ஐயாதான் இன்னும் போடு, வாய்க்குள்ள போடுன்னு நின்னாரு."

"ஏம்மா, ஒடனே போட்டுக் குடுத்துடறியே," என்றார் சொல்தா.

பாய் சிரித்துவிட்டார். தூபக்காலைக் கீழ்ப்படியில் வைத்தார். "சரி, புகை வாசல்ல நிக்கட்டும். துவா உள்ள போவும், அதுக்கு வாய் தொறந்து வெக்க வேணாம்." பிறகு அவளிடம், "உனக்கு என்னிக்கு டெஸ்ட்டு? திங்கக்கெழமயா? நானும் கேட்டுக்கறேன், போ," என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று கையேந்தி ஓதினார்.

அவர் இறங்கிப் போன பிறகு மூடியை மாட்டினோம். பிளக்கைச் செருகினேன். தட்டை அவளே போட்டாள், கதவை அவளே மூடினாள். எண்கள் ஓடின. சிவப்பு விளக்கு எரிந்தது. கர், கர். அந்த இடத்தில்தான் எப்போதும் நின்றுவிடும். சத்தம் நிற்காமல் மேலே போனது, ஆலையில் நூல் சுற்றுவது போல ஒரே சீராக. இன்று என்ன தேதி என்று கேட்டது.

அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார் சொல்தா. எழுந்தது. இன்னொரு முறை. எழுந்தது. சிகரெட்டை எடுத்துக்கொண்டு படிக்குப் போனவர், பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி ஒரு முறை போடச் சொன்னார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவளுக்காக அறையை ஒதுக்கினோம். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அது கீழே உட்கார்ந்து பழைய டைப் காகிதங்களைக் கிழித்து விளையாட, இவள் ஒரு முழுக் கடிதத்தை யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அடித்து முடித்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் மாமியாரோடு, திருபுவனை வழியாகப் போகும் விழுப்புரம் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேன். அன்று வகுப்பில் எனக்கு வேலை ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை வந்து அவளே சொன்னாள்.

"அங்க ஏழு எட்டுப் பேரு சார். கடலூர்லேர்ந்து கூட ஒருத்தி வந்திருந்தா. ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்புட்டாங்க. எனக்கு முன்னாடி போன பொண்ணு அழுதுகினே வந்தா. மிஷினு கெட்டுப் போச்சாம், எதுவோ எழுதிக் காட்டுதாம். ஆபீசரு வேற பதறிட்டாரு, போன் போட்டு யாரையோ திட்டினாரு. என்னக் கூப்புட்டாங்க. போய்ப் பாத்தேன். நம்ம வரிதான் சார்! தட்டு சரியில்ல, மாத்திப் போடுன்னு. எனக்கு சிரிப்பே வந்துருச்சு."

"அப்புறம்?"

"கதவத் தொறந்து தட்ட எடுத்துப் பாத்தேன். லேபிள்ல சம்பளக் கணக்குன்னு எழுதியிருந்திச்சு. கணக்குத் தட்ட உள்ள வெச்சிட்டு எந்திரின்னா அது எப்பிடி எந்திரிக்கும்? சார், ஆரம்பிக்கற தட்டு எங்க இருக்குன்னு கேட்டேன். மேசை மேலயே கெடந்துது. போட்டு ஒரு பொத்தானத் தட்டினேன், வந்துருச்சு. அந்த ஆபீசரு என்னப் பாத்து, எந்தக் காலேஜும்மான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?" என்றார் சொல்தா.

"வில்லியனூர்ல, உரக்கடை மாடின்னேன். அந்த அழுத பொண்ணையும் திரும்பக் கூப்புடச் சொன்னேன் சார். பாவம், அவ தப்பா அது?"

இரண்டு மாதம் அந்த இயந்திரம் எழாமல் அவளைக் காக்க வைத்ததை நான் அதுவரை நஷ்டமாகவே எண்ணியிருந்தேன். ஒழுங்காக எழும் கம்ப்யூட்டரில் கற்றிருந்தால் அந்த ஒரு வரி அவளையும் அழ வைத்திருக்கும்.

ஆவணி முடிவதற்குள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அந்த இன்னொரு பெண்ணையும் வேறொரு பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு அறிந்தேன். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். ஒரு டப்பாவில் தொதல் அல்வா.

"அங்க மிஷினு எப்பிடி?" என்று சொல்தா விசாரித்தார்.

"சுவிட்ச் போட்ட ஒடனே எந்திரிச்சிருது ஐயா. ராத்திரியெல்லாம் தூங்காம ஒக்காந்திருக்கும் போல."

நான் முக்கியமானதைக் கேட்டேன். "அவருக்குச் சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன் சார். பெருநாளைக்கு லீவுல வாங்க, திரும்பிப் போறதுக்கு டிக்கெட் எடுக்காதீங்கன்னு."

"இன்னா சொன்னாரு?" என்றார் சொல்தா.

"இன்னும் பதிலு வரல." மகளின் வாயில் ஒட்டியிருந்த அல்வாவைத் துடைத்துவிட்டாள். "வரும் சார். வராம எங்க போவுது?"